என்னை விட்டுப் போகாத புரதம்

1997, தை மாதம், வெள்ளி இரவு

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தும் சத்தியம் செய்தே எழுதுகிறேன்: இன்று ஒரு புரதம் என்மேல் மயங்கி, போகமாட்டேன் என்றது.

அக்கா மகள் கவிதா பீளமேட்டுக் கல்லூரியில் கண்ணாடிக்கு ஒரு பாலிமர் பூச்சு செய்திருக்கிறாள். அது சூட்டில் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், குளிரில் விட்டுவிடும். இன்று பேராசிரியர் ஒப்பினால்தான் அவள் ஆய்வு தொடரும். புரதம் ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பூரணகும்பம் போல நானே உள்ளங்கையில் ஏந்தினேன். குளிர்நீர் ஊற்றினாள். நீலச் சாயமிட்ட புரதம் நகரவில்லை.

“மூணு வருசம் வீணாப் போச்சுங்க மாமா,” என்றாள்.

“அழுவாத கண்ணு. அதுக்கு என்னைய உட்டுப்போக மனசில்ல.”

என் கையைத் தொட்டுப் பார்த்தாள். “இப்புடிக் கொதிக்குதுங்களே. கீழ வெய்ங்க மாமா.”

வைத்தேன். மறுபடி ஊற்றியதும் நீலம் கழன்று ஓடியது. பேராசிரியர் சம்மதமாகத் தலையாட்டினார்.

நாளை காங்கேயம் முழுக்க மயக்கக் கதைதான் சொல்வேன். ஆனால் அதைப் போகவிடாமல் வைத்திருந்தது நான்தான், என் கைச்சூடுதான். அது மட்டும் நிஜம்.