லேசாத்தான் இருக்குப்பா

மார்ச் 4, செவ்வாய்
சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பெண்ணை அப்பா இன்று இடிக்கப் பார்த்தார். நான் போட்ட கத்தலில்தான் பிரேக்கை மிதித்தார். அவள் பக்கவாட்டில் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. ஓரப் பார்வை போய்விட்டது, இனி கார் ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். கேட்டால்தானே! சாயங்காலம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போதும் கெஞ்சிப் பார்த்தேன். "நான் நேரா பார்த்துத்தானேம்மா ஓட்டறேன்" என்கிறார்.

சாவியை ஒளித்தால் வீடு இரண்டுபடும்.

மார்ச் 6
மெக்கானிக் ஒரு வழி சொன்னார். "பழைய வண்டி, பவர் ஸ்டியரிங்குக்குத் தனி பெல்ட்டு. அதைக் கழட்டிட்டா வண்டி ஓடும், ஸ்டியரிங் மட்டும் கல்லு மாதிரி இருக்கும். வாசலைத் தாண்டறதுக்குள்ள அவரே வெறுத்துப்போய் இறங்கிடுவார்."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்கப்பாதானே, நேரா சொல்லிடேன்" என்றார். இவருக்கென்ன, சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விடுவார்.

மார்ச் 8
பெல்ட்டைக் கழற்றியாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு
காரைப் பாதி வெளியே எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. "ஸ்டியரிங்ல ஏதோ கோளாறு. நீ கொஞ்சம் திருப்பிப் பாரு."

கோளாறு என்று ஒப்புக்கொண்டால் சரிபண்ணச் சொல்வார். மறுபடி ஓட்டுவார். உட்கார்ந்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன். "லேசாத்தான் இருக்குப்பா."

கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார். பிறகு சாவியை என்னிடம் நீட்டினார்.

சண்டையில்லாமல் முடிந்தது. அப்பாடா.

மார்ச் 17
ஜாம் பாட்டிலின் மூடி மக்கர் பண்ணியது. இந்த வீட்டில் மூடி திறப்பது எப்போதும் அப்பாதான். ஆயுசு முழுக்கப் பல் பிடுங்கிய டாக்டர். "ஊர் வாயையெல்லாம் திறக்க வெச்ச கைம்மா இது" என்று பீற்றிக்கொண்டே திறப்பார். இன்று, "உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு" என்றார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 26
அடுப்பில் பால் பொங்கியது. பாப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் நீட்டினேன். பின்னால் நகர்ந்துவிட்டார். "வேண்டாம்மா. கீழ போட்டுடுவேன்." அவள் தாத்தாவிடம் தாவுகிறாள், அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஐயோ, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன். கண்ணுக்காகத்தானே செஞ்சேன்? கையை ஏன்டி பிடுங்கினே?

மார்ச் 28
பெல்ட்டை மறுபடி மாட்டச் சொன்னேன். அப்பாவிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு
அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடைக்குப் போனேன். ஒரு திருப்பத்தில் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உனக்கு எவ்ளோ லேசா திரும்புது பாரு" என்றார். பொறாமையாக இல்லை, பெருமையாக. அதுதான் தாங்கவில்லை. ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — பெல்ட், மெக்கானிக், நான் சொன்ன பொய்.

அழுதேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அப்போ கைக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லப்பா."

"சரி. வண்டியை எடு."

ஏப்ரல் 5
பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறார். கார் சாவி ஆணியில் தொங்குகிறது, அவர் அதன் பக்கமே போவதில்லை. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் கண்மருந்தை எடுக்கப் போனேன். மேஜையில் சீசா இல்லை. அப்பா கண்ணாடி முன்னால் நின்று தானே விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இமையில் விழுந்தது, அடுத்தது கன்னத்தில் வழிந்தது.

"நான் விடறேம்பா."

திரும்பவில்லை.

"எனக்குக் கை இருக்கு."