செந்தாமரையின் படம் வந்த தளம்

வல்லம் வடகால்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். அக்கா நைட் ஷிப்டுக்குப் போனபிறகு எழுதுகிறேன், அவளிடம் சொல்லாதீர்கள்.

நாம் நேயர் கடிதம் எழுதும் வெளிநாட்டு அரசு வானொலியின் இணையதளத்தை நம் அரசாங்கம் முடக்கிவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் என் வகுப்பு செந்தாமரையின் கடிதம் படத்தோடு அதில் வந்தது. அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்ததே நான். என் கடிதம் வரவேயில்லை. முடக்கிய பிறகும், தடையைத் தாண்டும் ஏதோ ஆப்பைப் போனில் போட்டு வகுப்பில் எல்லோருக்கும் காட்டினாள். பொறுக்காமல் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். போனை வாங்கிக்கொண்டு, நாளை அவள் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"எவ போட்டுக் குடுத்தாளோ தெரில இசக்கி. நாளைக்கு நீ என்கூடவே இரு, இன்னா?" என்று செந்தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து தபால் அட்டை அனுப்புங்கள், இங்கே கிடைக்கவில்லை. நான்தான் என்று அவளிடம் சொல்லிவிடட்டுமா அப்பா? உங்கள் பதில் வருவதற்குள் நாளை முடிந்திருக்கும்.

இசக்கி