உன் பெயரில் ஒரு கோபுர விளக்கு

அடியே,

போன வாரம் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்க் முன்கேட்டின் ஓரத்தில் உன் பெயரைப் பார்த்தேன். கறுப்புக் கல்லில் பொன்னிற எழுத்து, கன்னடத்தில் உன் பெயர், கீழே 'நினைவாக' என்று ஒரு வரி. பாதிக் கல்லைச் சாக்கு மூடியிருந்தது. பக்கத்தில் பெரிய குழி. தோண்டிப் போட்ட ஈரமண் வாசனை மூக்கில் ஏற, பால் பாக்கெட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். நீ போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் எவன் இங்கே உனக்குக் கல் நடுகிறான், நட்டால் அவனுக்கு என்ன ஆதாயம் என்றுதான் என் புத்தி ஓடியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

"ஒனக்குப் பாலைப் பாத்தா தண்ணி, ஆளைப் பாத்தா திருடன்" என்பாய். ஆபீஸில் எதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்தவள் நீதான். ரிட்டையர் ஆகும்வரை அந்தப் பெயர் என்னை விடவில்லை. ரயில்வே கணக்குப் பிரிவில் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். நான் கொஞ்சம் கூடுதலாகவே வேலை பார்த்தேன், அவ்வளவுதான்.

குழி வெட்டிக்கொண்டிருந்தவர் தர்மபுரிப் பக்கத்து ஆள். தமிழில் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஹைமாஸ்ட் வருகிறதாம். தென்னை மரத்தைவிட உயரமான கம்பம், உச்சியில் சுற்றிலும் பெரிய பெரிய எல்.இ.டி. விளக்குகள். சுற்றியுள்ள தெருவெல்லாம் பகல் மாதிரி ஆகிவிடும், ஊசி விழுந்தாலும் பொறுக்கலாம் என்றார். எனக்கு ஊசி எதுவும் தொலையவில்லை என்றேன். யார் செலவு என்று கேட்டேன். பெங்களூரில் இருக்கும் உன் மகன் என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். உன் பெயரைப் போட்டு உன் வானத்தை மூடப் போகிறார்கள். அதற்கு உன் பிள்ளையே பணம் கொடுக்கிறான்.

ஒட்டிய வீடு, ஒட்டிய மாடி, நடுவில் இடுப்புயரச் சுவர். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் காய்ந்த துணி எடுக்க நீ அந்தப் பக்கம் ஏறுவாய், நான் இந்தப் பக்கம் ஏறுவேன். நான் பாட்டுக்கு என் புடவையை மடித்துக்கொண்டு இறங்கப் போவேன். நீ விடமாட்டாய். உன் ஊர் ராமாபுரத்திலிருந்து நீ மூட்டை கட்டிக்கொண்டு வந்த சாஸ்திரம் ஒன்று இருந்தது. "ஒத்த மீனைப் பாத்தா ஆகாது புள்ள. இன்னொண்ணையும் பாத்துப்போட்டுத்தான் கீழ போவோணும்." அதென்ன போவோணும் என்று உன் பேச்சைக் கேலி செய்துகொண்டே நானும் நிற்பேன். வானத்தில் இரண்டாவது மீன் வருவதற்குள் ஆபீஸ் வம்பு, மருமகள் வம்பு, கத்தரிக்காய் விலை எல்லாம் பேசி முடித்திருப்போம். நீ சாஸ்திரத்துக்காக நின்றாயா வம்புக்காக நின்றாயா என்று எனக்கு அப்போதே சந்தேகம் உண்டு.

முதலில் எல்லாம் இரண்டாவது மீன் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். மார்கழி தையில் கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வந்தால் ஆறு தெரிகிறது என்பாய். எனக்கு ஐந்துதான் தெரியும். ஆறாவதை நீ இட்டுக்கட்டுகிறாய் என்று சண்டை பிடிப்பேன். அப்புறம் தெருவில் மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை விளக்கு போட்டார்கள். மெயின் ரோட்டில் விளம்பரப் பலகைகள் வந்தன. அடுக்குமாடிக்காரன் மொட்டைமாடியைச் சுற்றி விளக்குச் சரம் கட்டினான், அவிழ்க்கவே இல்லை. வானம் தண்ணீர் கலந்த பாலாக வெளுத்துக்கொண்டே போனது. ஆறு ஐந்து சண்டைக்கே இடமில்லாமல் போயிற்று. கடைசியில் பார்க்குக்கு மேலே மட்டும் ஒரு துண்டு வானம் கறுப்பாக மிஞ்சியது. நம் இரண்டாவது மீன் அங்கேதான் வரும், அதுவும் நின்று நிதானமாகத் தேடினால். ஹைமாஸ்டுக்குக் குழி வெட்டியது அதற்கு நேர் கீழே.

நாம் ஒன்றும் விளக்குக்கு விரோதிகள் இல்லை. தசராவுக்கு அரண்மனை விளக்கைப் பார்க்க முதல் ஆளாகப் புடவை மாற்றிக்கொண்டு நிற்பவள் நீ. ஜனக்கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே வாயைப் பிளந்து பார்ப்பாய். திரும்பி வரும்போது ஒன்று சொன்னாய், இன்றும் ஞாபகம் இருக்கிறது. "விருந்துன்னா ஒரு நாளைக்கு நல்லா இருக்கும் புள்ள. தெனம் மூணு வேளையும் விருந்துன்னா வவுறு என்னத்துக்கு ஆவும்?"

நீ விழுந்ததைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டுப் பார்க் வழியாக வந்தாய். பக்கவாட்டுக் கேட்டில் தெருவுக்கு இறங்க ஒரு படி. அதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையில் போட்டார்கள், சளி நெஞ்சில் கட்டியது, போய்விட்டாய். தெரு முழுக்க ஒரே பேச்சு. அந்த அம்மாவுக்கு நட்சத்திரப் பைத்தியம், இருட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்து விழுந்துவிட்டாள் என்று. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட அதைத்தான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துச் சொன்னது வேறு. "கண்ணு கூசிப்போச்சு புள்ள. படியே தெரியலை." எந்த வெளிச்சம் என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கேட்டுக்கு நேர் எதிரே இருப்பது பார்ட்டி ஹால். அதன் காம்பவுண்டுச் சுவர் மேல் இரண்டு ஃபோகஸ் லைட். ஹாலைப் பார்த்து இல்லை, தெருவைப் பார்த்து. கார் நிறுத்த வருகிறவனுக்கு மெயின் ரோட்டிலிருந்தே தெரிய வேண்டுமாம். நீ மரத்தடி இருட்டில் பழகிய கண்ணோடு வந்து கேட்டைத் திறந்தால், இரண்டும் முகத்தில் அறைந்திருக்கும். காலடியில் என்ன தெரியும்? இதை அப்போதே சொன்னேன். சாவு வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை.

பார்ட்டி ஹால்காரர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் லேஅவுட் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர்தான். உன் சாவுக்கு வந்து எல்லோரையும்விட அதிகமாக அழுதவரும் அவர்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். குழியைப் பார்த்த அன்றைக்கே அவரிடம் போனேன். ஹைமாஸ்ட் யோசனை யாருடையது என்றேன். உன் மகன் அம்மா நினைவாக ஏதாவது செய்யக் கேட்டானாம், பெஞ்சு போடலாமா என்றானாம், இவர்தான் விளக்கு என்று சொன்னாராம். கூட்டம் கூட்டாமலே குழி எப்படி வெட்டினீர்கள் என்றேன். சிரித்தார். அவள் விழுந்த படி இருப்பது பக்கவாட்டுக் கேட்டில், கம்பம் எதற்குக் கார்கள் நிற்கிற பக்கமாக வருகிறது என்றேன். அதற்கும் சிரித்தார். "ஏனு தொந்தரே இல்லா மேடம்" என்றார். ஒரு தொந்தரவும் இல்லை என்று ஒருவர் தானாகச் சொன்னால், தொந்தரவு வாசல்வரை வந்துவிட்டது என்று எனக்கு அர்த்தம். எலி சும்மா அம்மணமாக ஓடாது. ஹாலுக்கு வரும் கார்கள் இப்போது பார்க் ஓரம் வரைக்கும் நிற்கின்றன. அங்கே வெளிச்சம் வேண்டும், அதுவும் அடுத்தவன் செலவில். இது என் கணக்கு. அவர் உண்மையிலேயே உன்மேல் மரியாதை வைத்துத்தான் சொன்னாரோ என்னவோ. எனக்கு இன்றுவரை தெரியாது.

உன் மகனுக்குப் போன் போட்டேன். ஃபோகஸ் லைட் கண்ணில் அடித்துத்தான் நீ விழுந்தாய் என்றேன். விளக்கு இருந்தால் நன்றாகத்தானே தெரியும், விளக்கினால் எப்படி ஒருத்தர் விழுவார், அத்தை நீங்கள் எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறீர்கள் என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. பொறுமையாகத்தான் பேசினான், ஆனால் கடைசியில் ஒன்று சொன்னான்.

"அந்த ஸ்டார் பைத்தியம் மட்டும் இல்லேன்னா அம்மா இன்னிக்கி இருந்திருப்பாங்க அத்தை."

போனை வைத்துவிட்டேன். அவன் குரலில் இருந்தது துக்கம் மட்டும் இல்லை. உன்மேல் அவனுக்குக் கோபம். அந்தக் கோபத்தில்தான் அவ்வளவு பெரிய விளக்கை வைக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வானம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் உன் பிள்ளை உன்னை அஜாக்கிரதையானவள் என்று நினைத்துக்கொண்டே காலம் முழுக்க இருக்கப் போகிறானே, அதை எப்படி விடுவது?

கல்லை நடுகிற பூஜை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டான். என் அதிர்ஷ்டம், அன்றைக்கு ஹாலில் ஒரு ரிசப்ஷன். ஃபோகஸ் லைட் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. காப்பி கொடுத்தேன். குடித்து முடித்ததும், அம்மா வந்த வழியில் ஒரு தரம் நடந்து காட்டு, அப்புறம் நீ எந்த விளக்கை வேண்டுமானாலும் வை, நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றேன். சலித்துக்கொண்டுதான் எழுந்தான்.

மரத்தடியில் நான் நின்றுகொண்டேன். அவன் முன்னால் போய்க் கேட்டைத் திறந்தான். வெளிச்சம் முகத்தில் அடித்ததும் தலையைத் திருப்பினான். ஒரு காலை முன்னால் வைத்துத் துழாவினான். வைக்கவில்லை, எடுத்தான். மறுபடி துழாவினான். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கையை நெற்றியில் வைத்து மறை, இப்போது கீழே பார் என்றேன். உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் வைத்தான். படி தெரிந்தது. அதன் விளிம்பு உடைந்திருப்பது, அதில் ஒட்டிக்கிடந்த சருகு எல்லாமே தெரிந்தது. தெரு விளக்கின் வெளிச்சமே அதற்குப் போதுமானதாக இருந்தது. கையை எடுத்தான், படி காணாமல் போனது. மறுபடி வைத்தான், மறுபடி எடுத்தான்.

அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் உன்மேல் கோபமாகவே இருந்ததாகச் சொன்னான். கொள்ளி வைக்கும்போதுகூடக் கோபம்தான் இருந்ததாம். வயதான காலத்தில் எதற்கு இருட்டில் அலைந்தாய் என்று மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தானாம். இவ்வளவு பெரிய ஆள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் காரை விட்டு இறங்கிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள், அப்படியே உட்கார்ந்து அழுதான். நான் தடுக்கவில்லை. எனக்கும் அழ வேண்டியிருந்தது.

பூஜை நடக்கவில்லை. தலைவர் வந்தார். உன் மகன் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னான். கோபுரம் வேண்டாம், நடைபாதையில் முழங்கால் உயரத்தில் தலைமூடிய விளக்குகள் போதும், வெளிச்சம் காலில் விழட்டும், கல்லும் வேண்டாம் என்றான். அவர் உடனே "ஆகலி, ஆகலி", ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டுகிறவரை நான் நம்புவேனா? குழியை மூடிய பிறகு போய் ஒரு தரம் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஃபோகஸ் லைட்டைப் பற்றி நான்தான் கேட்டேன். நீளமாகச் சண்டை பிடிக்கத் தயாராகத்தான் போயிருந்தேன். எதிர்க்கேள்வி எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, இதையா மேடம், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஹால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவன் ஏணியைச் சாய்த்து ஏறினான். ஸ்பேனரால் ஒரு நட்டைத் தளர்த்தினான். விளக்கைத் தரையைப் பார்த்துக் குனிய வைத்து, நட்டைத் திரும்ப முறுக்கினான். அடுத்ததையும் அப்படியே செய்தான். ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அவ்ளோதானா அத்தை?" என்றான் உன் மகன்.

அவ்வளவுதான்டி. ஒரு நட்டு. அன்றைக்கு இதை எவனாவது திருகியிருந்தால் நீ இப்போது பக்கத்து மாடியில் புடவை மடித்துக்கொண்டிருப்பாய். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கெட்டவன் ஒருவன் கையில் கத்தியோடு நின்றிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எனக்கு இன்னும் ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. அது உன்மேல். மகன் கேட்டபோது கால் தடுக்கிவிட்டது என்றாய். டாக்டரிடமும் அதையேதான் சொன்னாய். கண் கூசியது என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாய், அதுவும் அவன் மருந்து வாங்க வெளியே போகும்வரை காத்திருந்து. ஏன்? அவனிடம் சொன்னால் அந்த ஹால்காரரோடு கைகலப்பில் இறங்குவான், இல்லாவிட்டால் உட்கார்ந்து அழுவான். என்னிடம் சொன்னால் நான் விடமாட்டேன், குடைந்துகொண்டே இருப்பேன் என்று உனக்குத் தெரியும். வருஷக்கணக்காக என்னை சி.ஐ.டி. என்று கேலி செய்துவிட்டு, போகிற போக்கில் ஒரு கேஸை என் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாய். நீ அதை ஒத்துக்கொள்ளமாட்டாய். ஆனால் எனக்குத் தெரியும், நீ ஆள் பார்த்துத்தான் சொன்னாய்.