மலைக்கு அந்தப் பக்கம்

கோபக்காரருக்கு,

நாம் சேர்ந்து போவதாக இருந்த மலைப்பாதைக்கு நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இலை உதிர்கிற காலம். சாலையே மஞ்சளாகக் கிடக்கிறது. உங்கள் சீட்டில் பிளாஸ்க்கை உட்காரவைத்து பெல்ட்டும் போட்டிருக்கிறேன். அது உங்களைப் போல வளைவுக்கு வளைவு "மெதுவா போ" என்று உயிரை வாங்குவதில்லை.

இன்று ஒரு பழைய ரயில் சுரங்கத்தைப் பார்த்தேன். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், நடந்தே போகலாம். மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்தார்களாம். எதிரே வருகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இருட்டுக்குள் எப்படித் தெரியும்? டிக்கெட் கொடுத்த அம்மாவை நான் விடவில்லை.

"வேலையை நிறுத்திட்டு பாறையில காதை வைப்பாங்க. அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேக்கும்," என்றார். "ஆனா முதல்ல ரொம்ப நாள் ஒண்ணுமே கேக்கலையாம்."

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல நிறுத்திட்டுக் காதை வச்சிருக்காங்க. அப்புறம் யாரு தட்டுறது?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அதன் பிறகுதான், ஒரு பக்கம் தட்டும்போது மறுபக்கம் சும்மா இருக்க வேண்டும் என்று பேசிவைத்தார்களாம்.

சுரங்கத்தின் நடுவில் நின்று பாறையில் காதை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து என் போன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. உங்களுடையது எங்கே கிடக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

நான் தட்டிவிட்டேன். இனி சத்தம் காட்டாமல் இருப்பேன்.

இந்தப் பக்கத்துக்காரி