கோலாவுக்கு ஊட்டப் போனவன்

இன்று காலை உறுதியான செய்தி: நீ பராமரித்த கோலாவின் மகளுக்கு வயிற்றுப் பையில் குட்டி இருக்கிறது. சொன்னவர் விலங்குப் பூங்காவின் மருத்துவர். எடை பார்க்கும்போது பை அசைந்ததைத் தானே கண்டதாகச் சொன்னார். புறப்படும்போது உன் பழைய வேலைத்தோழர் ஒரு யூக்கலிப்டஸ் கொப்பைக் கையில் தந்தார். நான் ஒடென்சேக்குத் திரும்பி வந்த ரயில் முழுக்க உன் வேலைச் சட்டையின் மணம். நீ இறந்தபின் வரும் இரண்டாவது வசந்தம் இது.

அந்தத் தாய்க் கோலா வந்த புதிதில், விமானத்தில் வந்த இலையை மணந்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டது. நீ நம்மவர் வழக்கப்படி தளிரைக் கிள்ளி அதன் வாயருகே கொண்டுபோனாய். அது கொப்பின் உச்சிக்கு ஏறிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே, பத்திரிகைக்கு எழுதவென்று குறிப்புப் புத்தகத்துடன் நான் நின்றேன். உன் பொறுப்பாளர் பெண், பலவகைக் கிளைகளை வைத்துவிட்டு வெளியே வரச் சொன்னாள்.

"வந்த ஆளைச் சாப்பிடு எண்டு சொல்லாட்டி அது என்ன வீடு மச்சான்?" என்று என்னிடம் முணுமுணுத்தாய்.

பின்னேரம் கதவைத் திறந்தபோது ஒரு கிளை மட்டும் மொட்டையாக இருந்தது.

இவ்வளவு தூரத்தில் கொண்டுவந்து இதை வைத்திருப்பது சரியா என்று உன்னிடம் கேட்டேன். "சரியோ பிழையோ, வந்திட்டுது. இனிச் சாப்பிடவேணும்," என்றாய். கட்டுரையில் அதைத்தான் கடைசி வரியாக வைத்தேன்.

பிறகு ஊரில் போர் முடிந்தது. முகாமிலிருந்து வெளியே வந்த உன் அக்கா, மூன்று மாத விசாவில் டென்மார்க்குக்கு உன்னிடம் வந்தார். சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. விபோர்க்கிலிருந்தும் ஹ்விடோவ்ரேயிலிருந்தும் உறவினர் சட்டிகளோடு வந்திறங்கினார்கள். "ஒரு வாய் பிள்ளை", "இந்த மீனையெண்டாலும்" என்று தட்டைச் சுற்றி நின்றார்கள். அக்கா எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாளாக வெறும் தேத்தண்ணி. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று நீயும் நானும் சமையலறையில் கதைத்தோம்.

நாலாம் நாள் நீ மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்களை வைத்தாய்: கஞ்சி, புட்டு, சொதி, பாண், வாழைப்பழம். பிறகு எல்லோரையும் பார்த்து, "வெளிய வாங்கோ," என்றாய்.

விபோர்க் சித்தி விடவில்லை. "அக்காவை என்ன, உன்ரை கோலா எண்டு நினைச்சியோ?"

"ஓம் சித்தி. சப்பாத்தைக் காலிலை போடுங்கோ."

குளிரில் கட்டடத்தை நாலு தரம் சுற்றினோம். சித்தி உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். திரும்பி வந்தபோது கஞ்சிக் கிண்ணம் காலி. சித்தி வாய் திறக்கப் போனார். நீ கையைக் காட்டித் தடுத்தாய். கிண்ணத்தைக் கழுவி, அடுத்த நாளும் அதே இடத்தில் வைத்தாய். மூன்றாம் வாரம் அக்கா தானாக வந்து, "ஏன்ரா, இந்த வீட்டிலை மீன் இல்லையோ?" என்று கேட்டார். சித்திதான் முதலில் அழுதார்.

போரிலிருந்து வந்தவர்களிடம் அப்போதெல்லாம் நான் கேள்விகளை வாயருகே நீட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு கேள்வியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். பலர் பேசினார்கள். பேசாதவர்களிடம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

குட்டி தலையை வெளியே காட்ட இலையுதிர்காலம் ஆகும் என்கிறார் மருத்துவர். அதுவரை ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. மன்னாருக்குத் தொலைபேசி எடுத்து அக்காவிடம் சொன்னேன்.

"அதுவரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கவேண்டாம் எண்டு சொல்லு," என்றார்.