ஹாம்ஸ்டருக்கு எடுத்த ஆரத்தி

ஞாயிறு, இரவு

கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சரிடம் இப்போதுதான் தமிழ் எழுதக் கற்றேன். படிக்கப்போவதும் நான்தானே, பொறுத்துக்கொள்கிறேன்.

மகள் கவிதா பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து ஒரு ஹாம்ஸ்டர் கொண்டுவந்தாள். உள்ளங்கை அளவு எலி. விட்டுவிட்டு மதியமே திரும்பிப் போய்விட்டாள். எனக்கு மனசு துள்ளியது. என் மனைவி மரகதம் போய்ச்சேர்ந்த பிறகு இந்த வீட்டுக்குப் புதிதாய் வந்த உயிர் அதுதான். அதனால் ஆரத்தி எடுத்து, மணி அடித்து, கூண்டுக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தினேன். அது மரத்தூளுக்குள் புகுந்துகொண்டது. பொழுது சாயும்வரை ஒன்றும் தின்னவில்லை. பயந்துபோய் கவிதாவுக்குப் போன் செய்தேன்.

"அய்யோ அப்பா, வந்திருக்கிறது என்ன புது மருமகளா? அதுக்குப் புகை ஆகாது. ஜன்னலைத் திறங்க. கூண்டை மூலையில வச்சுத் துணி போடுங்க. கொஞ்ச நாள் தொடாதீங்க, பேச்சுக் கொடுக்காதீங்க."

"பேச்சுத் துணைக்குன்னுதானேம்மா கொண்டுவந்தே?"

"ஒரு வாரம் பழகட்டும்ப்பா, அப்புறம் அதுவே கையில ஏறும்" என்றாள்.

சொன்னபடி செய்தேன். பேசக்கூடாது என்பதால் எழுதுகிறேன். பேனா சத்தம் போடாது. இப்போது துணிக்குள் சூரியகாந்தி விதை உடைகிற சத்தம் கேட்கிறது. தின்கிறது! எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு, அது என் கையில் ஏறியதா என்று எழுதுவேன்.