பதினேழு சென்டிமீட்டர் படம்

ஜூன் 16, திங்கள்

எழுந்ததும் முதலில் மெயில். பல் தேய்க்கும் முன்பே. வெளியே மழை, கொடியில் துணி அப்படியே. பத்திரிகையிலிருந்து பதில்: கட்டுரையை எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் படம் மட்டும் தெளிவில்லை. அகலம் 17 செ.மீ., அங்குலத்துக்கு 300 பிக்சல். வெள்ளிக்குள். இந்தக் கட்டுரை இல்லாமல் பிஎச்.டி. இல்லை. நாற்பத்தாறு வயது. இனி நீட்டிப்பும் கிடையாது.

என் படம் 640 பிக்சல். 300-ஆல் வகுத்தால் இரண்டு அங்குலம் சொச்சம். தீப்பெட்டி. இழுத்துப் பெரிதாக்கினேன். எழுத்தெல்லாம் பஞ்சு.

செவ்வாய்

மழை. பால், அம்மா மாத்திரை, கேஸ். லேபில் பக்கத்து மேசை மலையாளப் பெண் ஸ்ரீஜா: "இழுத்தா பிக்சல் அதிகமாகாது கேட்டோ. டேட்டாவிலேர்ந்து புதுசா வரைஞ்சு, எத்தனை இஞ்ச்னு சொல்லி சேவ் பண்ணணும் சேச்சி."

பெரிதாகவே இருக்கட்டும் என்று 20 அங்குலம் கொடுத்தேன். தாள்தான் பெரிதானது, எழுத்தும் புள்ளியும் பழைய அளவிலேயே. 17 செ.மீ.க்குள் சுருக்கினால் எழுத்து எறும்பு.

"ஃப்ளெக்ஸ் அடிக்கப் போறீங்களா சேச்சி?"

சிரித்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது.

புதன்

அந்த 20 அங்குலப் படத்தைத் திரையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். மூன்று வருடம், வாரம் ஒரு புள்ளி, கரமனை ஆற்றுத் தண்ணீரில் ஆக்ஸிஜன். முன்பு ஒட்டிக்கொண்டு கோடாகத் தெரிந்தவை தனித்தனியாக நிற்கின்றன. இரண்டாம் கோடையில் ஏழு புள்ளிகள் ஒரே உயரம். ஸ்கேல் வைத்தாற்போல.

ஓடுகிற ஆறு அப்படி இருக்காது.

அம்மாவிடம் எப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று கேட்டேன். தெரிந்தேதான்.

"அந்தச் சித்திரை வெயில்லதாண்டி. ஏழு வாரம். நீ ஆத்துப் பக்கமே போகலையே, என் கட்டில்கிட்டயே கெடந்தே."

போகாத வாரங்களுக்கு முந்தைய அளவையே அன்று போட்டுவைத்திருந்தேன். கட்டம் காலியாக இருந்தால் புரோகிராம் நின்றுவிடும், பிறகு எடுத்துவிடலாம் என்று. எடுக்கவில்லை. கோடையிலும் ஆக்ஸிஜன் குறையவில்லை: கட்டுரையின் கண்டுபிடிப்பே அதுதான்.

சாப்பிடவில்லை.

வியாழன்

வெயில். 6.7 அங்குலம், 300. சேமித்தேன். எழுத்து கச்சிதம். புள்ளிகள் மறுபடி ஒட்டிக்கொண்டன. ஏழும் கோட்டுக்குள். இனி யாருக்கும் தெரியாது.

வழிகாட்டி சாருக்கு அனுப்பினேன். உடனே போன். "இப்போ அடிபொளி! நாளைக்கு அனுப்பிக்கோ, டாக்டர் மேடம்."

சரி சார் என்றேன்.

அம்மா பாயசத்துக்குச் சேமியா வாங்கச் சொன்னாள். வாங்கினேன்.

வெள்ளி

காலை ஆறு மணிக்கு ஆற்றுக்கடவு, வாரம்தோறும் தண்ணீர் எடுக்கும் துறை. பாட்டில் இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. தண்ணீர் கலங்கல். யாரோ ஒருவர், "இன்னைக்கு வெள்ளம் எடுக்கலியா டீச்சரே?" தண்ணீரைச் சொல்கிறார். இல்லை என்று தலையாட்டினேன்.

அடுக்களையில் நெய் வாசனை. சாரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு நாலு வரி எழுதிவிட்டேன். பத்து மணிக்கு அனுப்புவேன். இணைப்பு: 20 அங்குலப் படம்.